அண்டசராசரத்தில் என் மீசை

இந்தத் தீபாவளிக்கு என் முகம் பட்டாசுப் பெட்டியில் ஏறியே தீர வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்!

சிவகாசி பக்கம் நாரணாபுரத்தில் எங்கள் கம்பெனி புதிதாக ஒரு வாணவெடி போடுகிறது. பெயர் 'அண்டசராசரம்'. எங்கள் பக்கம் பெட்டி லேபிளில் சாமி இருக்கும், இல்லையென்றால் முதலாளி வீட்டுப் பிள்ளை சிரிக்கும். பிள்ளை சிரிக்கலாம், முதலாளி சிரிக்கக் கூடாதா? அதுவும் இப்பேர்ப்பட்ட மீசையோடு!

குறுக்கே வந்தாள் என் மனைவி செல்லக்கனி. லேபிள் வேலை முழுக்க அவள் கையில்.

"என் தம்பி ராஜபாண்டியன் படத்தைத்தான் போடணும். இதுக்கு ஆர்டர் பிடிச்சது அவன்தானே?"

மச்சினன் மூஞ்சியா? எனக்குப் பகீரென்றது. நல்லவேளை, காலையில்தான் போனில் ஒரு வீடியோ பார்த்திருந்தேன். அதை அப்படியே எடுத்துவிட்டேன்.

"செல்லக்கனி, வானத்துல எம்புட்டு நட்சத்திரம் தெரியுமா? அதைச் சுத்தி எம்புட்டு உலகம்! அங்கன நம்மளைவிட அறிவாளிக இருக்கலாமாம்!"

"நெசமாவா?"

"ஆமா! அவுக அங்கன இருந்து பாத்தா, இந்தப் பூமியே ஒரு புள்ளி. அதுல சிவகாசி எங்க? உன் தம்பி எங்க? மனுசனுக்கு அடக்கம் வேணாமா? பெட்டியில மூஞ்சி எதுக்கு?"

சொல்லச் சொல்ல எனக்கே புல்லரித்தது. மச்சினனைக்கூட மறந்து, யாராவது பார்க்கிறார்களா என்று ஜன்னல் வழியே அண்ணாந்து பார்த்தேன்.

செல்லக்கனி கண்கலங்கிவிட்டாள்.

"நாம ஒண்ணுமே இல்லையாங்க? சரி, மனுச மூஞ்சியே வேணாம்."

ஜெயித்துவிட்டேன்! அவள் அடுப்படிக்குப் போனதும் அச்சகத்துக்கு என் போட்டோவை அனுப்பினேன். பெட்டி நிறைய வரட்டும் என்று சேதியும் போட்டேன். அவளைக் கேட்காமல் அந்த அச்சகத்தில் மிஷின் சுற்றாது என்பதைத்தான் மறந்துவிட்டேன்.

லேபிள் வந்தது. கறுப்பு வானம். பெட்டி நிறைய ஒரு பச்சை முகம், தலையில் இரண்டு கொம்பு. முழி மட்டும் எனக்கு நன்றாகத் தெரிந்த முழி!

"இது உன் தம்பில்ல?"

"மனுசனுக்குத்தானே அடக்கம் வேணும்? அதான் வேத்துக் கிரகத்து ஆளாக்கிப் பச்சை அடிச்சிட்டேன்."

"அப்ப என் போட்டோ?"

"போடாம இருப்பேனா? அந்தா, மூலையில இருக்கீக."

மூலையில் ஒரு வெள்ளைப் புள்ளி. அச்சு சரிபார்க்கிற லென்ஸை என்னிடம் நீட்டினாள்.

"அங்கன இருந்து பாத்தா இம்புட்டுத்தான்னு நீங்கதானே சொன்னீக!"

லென்ஸை வைத்துப் பார்த்தேன். நான்தான். மீசையை எடுத்திருந்தாள்.