கருப்பு வெள்ளை மாமாவின் கல்யாண ஆல்பம்

நாய்க்குப் பயந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மனைவிக்குப் பயந்தவரைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறேன். ஆனால் கலர் போட்டோவுக்குப் பயந்த ஒரே மனிதர், நாமக்கல்லில் எங்கள் தெருவில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் கருப்பு வெள்ளை மாமாதான்.

பெற்றோர் வைத்த பெயர் அவருடைய அடையாள அட்டைக்கு மட்டும்தான் தெரியும். அந்த அட்டைக்குப் படம் எடுத்த முகாமிலேயே ஒரு கலவரம். "கருப்பு வெள்ளையில எடுங்க" என்று நாற்காலியில் சம்மணம் போட்டுவிட்டார்.

"கம்ப்யூட்டர் தானாவே கலர்லதான் எடுக்குமுங்க" என்றாள் கேமராவோடு இருந்த பெண்.

"ஏனுங்க, அது சொன்னா நானும் கலராயிரோணுமா?"

வரிசை தெருமுனை வரை நீண்டது. கடைசியில் நாலு பேர் சேர்ந்து நாற்காலியைப் பிடித்துக்கொள்ள, மாமா கண்ணை மூடிக்கொள்ள, அப்படியே எடுத்தார்கள்.

தெரு வாட்ஸ்அப் குழுவில் யார் எந்தப் படம் போட்டாலும் அவருடைய பதில்தான் முதலில் வரும்: 'கலரை எடுத்துவிட்டு அனுப்பவும்.' எங்கள் மொட்டைமாடி ரோஜாவுக்கும் அதே பதில். காரணம் கேட்டால் ஆளுக்கொரு காரணம். என்னிடம், "மூஞ்சியெல்லாம் மிட்டாய்க்கடையாட்ட இருக்குதுங்க" என்பார். எதிர்வீட்டு லாரி டிரைவரிடம், "கலரு ஆயுசைக் கொறைக்குமப்பா!"

எல்லாம் வேடிக்கையாகத்தான் இருந்தது, அவர் மகள் கவிதாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகும் வரை.

கல்யாணத்துக்குப் பேசிய போட்டோகிராபர் சாம்பிள் ஆல்பத்தோடு வந்தார். "எல்லாம் கலருங்க மாமா. நடுவுல ஒண்ணு ரெண்டு கருப்பு வெள்ளை போட்டுக்கலாம்."

"எல்லாம் கருப்பு வெள்ளை. நடுவுல ஒண்ணுகூடக் கலர் வேண்டாம்."

கவிதா வெடித்துவிட்டாள். "சேலம் கடைவீதி முச்சூடும் ஏறி எறங்கி எடுத்த சேலைப்பா! அது சாம்பக் கலர்லயா ஆல்பத்துல இருக்கோணும்? அதுக்குப் போட்டோவே வேண்டாம்."

"வேண்டாம்னா போகுது."

அன்றோடு அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு நின்றது. கல்யாண வீட்டில் எழவு வீட்டு அமைதி. மாமாவின் மனைவி, எங்களுக்கெல்லாம் அத்தை, என்னைத் தேடி வந்தார். "தம்பி, ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. நீங்க பத்திரிகையில எழுதறவரு, சொன்னாக் கேப்பாரு."

என் எழுத்தை என் வீட்டிலேயே யாரும் கேட்பதில்லை. இருந்தும் போனேன். கட்டிலில் கல்யாணச் சேலை விரித்துக் கிடந்தது. அரக்குச் சிவப்பு; அதில் கையகலத்துக்குக் கரும்பச்சைக் கரை.

"மாமா, வேறெதுக்கு இல்லீன்னாலும் இந்தக் கரைக்காச்சும் கலர் வேணுமுங்க."

"எந்தக் கரை?" என்றார்.

விளையாடுகிறார் என்று நினைத்தேன். அவர் சேலையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"எனக்கு முச்சூடும் ஒரே கலருங்க தம்பி. சின்னதுல இருந்தே பச்சையும் செவப்பும் எனக்கு ஒண்ணுதான். ஆருகிட்டயும் சொன்னதில்ல. கருப்பு வெள்ளைன்னா எல்லாரும் என்னையாட்டத்தான் பாப்பாங்க. நாளைக்கு என்ற புள்ள ஆல்பத்தை மடியில வெச்சு, கரை நல்லாருக்குதாப்பான்னு கேட்டா நான் என்னத்தைச் சொல்லுவேன்?"

 

"எனக்குத் தெரியுமே" என்றபடி அத்தை சமையலறையிலிருந்து வந்தார். "கண்ணாலமான புதுசுல தக்காளி வாங்கியாரச் சொன்னேன். பூராவும் பச்சைக் காயா வாங்கியாந்து, பழம் எப்படிச் செவந்திருக்குது பாருன்னாரு. ஒரு வாரம் தொக்குதான்."

"அப்புறம் ஏன்டி இத்தன வருசமா ஒண்ணும் சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீங்கன்னு இருந்தேன்."

கதவோரம் நின்றிருந்த கவிதா வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் விரலைப் பிடித்துச் சேலையில் நெசவு மாறும் இடத்தில் வைத்து நகர்த்தினாள். "இதுதான் கரைப்பா. நல்லாருக்குதா?"

"நல்லாருக்குது சாமி" என்றார் மாமா.

ஆல்பம் கலரில்தான் வந்தது. அப்பாவுக்கென்று கருப்பு வெள்ளையில் இன்னொன்று போட்டுக் கொடுத்துவிட்டு, கவிதா புருஷன் வீட்டுக்குப் போனாள். அத்தை பார்ப்பதும் இப்போது அதைத்தான்.

ரகசியம் உடைந்ததில் மாமாவுக்குப் பயம் விட்டுப்போயிற்று. எதிரில் வருகிற எல்லோருக்கும் தைரியமாக நிறம் சொல்கிறார். போன வாரம் என்னை மறித்தார்.

"தம்பி, இந்தப் பச்சைச் சட்டை உங்களுக்கு எடுப்பா இருக்குதுங்க."

நான் போட்டிருந்தது சிவப்பு.

"ஆமாங்க மாமா" என்றேன். "பச்சைன்னா எனக்கு எப்பவுமே எடுப்புத்தானுங்க."