நூற்றைம்பது வோல்ட் பேட்டரி

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை எத்தனை கம்பெனி இருந்தாலும், எங்கள் 'யூனிட்'டைப் போல இன்னொருவனைத் தயாரிக்க எந்த அசெம்பிளி லைனாலும் முடியாது. சுங்குவார்சத்திரத்தில் நாங்கள் சிலர் சேர்ந்து எடுத்த வாடகை அறையில் அவனும் ஒருவன். எலக்ட்ரிக்கல் மெயின்டனன்ஸ் வேலை. வோல்ட், ஆம்பியர் என்று யூனிட் சொல்லாமல் யாராவது வெறும் எண்ணைச் சொன்னால் அவனுக்குச் சோறு இறங்காது; அதனால்தான் அந்தப் பட்டப்பெயர்.

"லைன்ல இருநூத்தி முப்பது வருது" என்று ஒருத்தன் சொல்லிவிட்டால் போச்சு.

"இருநூத்தி முப்பது இன்னா? ஆடா, மாடா?"

காலை ஷிப்டுக்கு எல்லோரும் துண்டோடு காத்திருக்கும்போது குளியலறைக்குள்ளிருந்து குரல் வரும். "அண்ணே, ஓமையும் ஃபாரடையும் பெருக்குனா செகண்டு வருது. இன்னா அதிசயம் பாத்தியா?"

"வெளிய நிக்கிறவனுக்கு செகண்டு போயிகினே கீது. கதவத் தொறடா."

இந்த வாயால் அவனுக்குப் பார்த்த ஒரு சம்பந்தம் கைநழுவியது. பெண்ணுக்கு வயசு இருபத்தாறு என்றார்கள். "வருஷம்தானே?" என்று கேட்டுவிட்டான்.

அடுத்த இடம் வடக்குப்பட்டு. அவனுக்கு அப்பா அம்மா இல்லை. அறையில் நான்தான் மூத்தவன்; பெரியவர் என்று என்னை அழைத்துப் போனான். "இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே இல்லண்ணே" என்றான் பஸ்ஸில்.

"அப்ப வாய மூடிக்கினு கேசரி துன்னு."

பெண்ணின் அப்பா புது இன்வெர்ட்டரைப் பெருமையாகக் காட்டினார். "பேட்டரி நூத்தம்பது வோல்ட்டு, தம்பி."

யூனிட்டின் கழுத்து நரம்பு புடைத்தது. அவன் தொடையைக் கிள்ளினேன். கேசரியை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

காபி கொண்டுவந்த பெண் சொன்னாள்: "வோல்ட்டு பன்னெண்டுதாம்பா. நூத்தம்பதுங்கறது ஆம்பியர்-ஹவரு." அவளும் ஒரு கம்பெனியில் டெஸ்டிங்கில் இருந்தாளாம்.

பாவி, கேசரியை விழுங்கிவிட்டான். "கரெக்டுங்க. ஆம்பியரை நேரத்தால பெருக்குனா எனர்ஜி."

"இல்லீங்க, சார்ஜ். அதை வோல்ட்டால பெருக்குனாத்தான் எனர்ஜி."

எனக்கு வியர்த்தது. யூனிட் விரல்களை மடக்கி மடக்கிப் பார்த்தான். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "நீங்க சொன்னதுதாங்க சரி. சந்தோஷத்துல உளறிட்டேன்" என்றான்.

அப்பா மகளைப் பார்த்தார். "இன்னாம்மா சொல்ற?"

"தப்புன்னா ஒத்துக்கிறாருப்பா. போதும்."

கல்யாணத்தில், மாப்பிள்ளையின் அப்பா நிற்க வேண்டிய இடத்தில் என்னை நிறுத்தினான். நாலு பேர் பார்த்தாலே நெளிகிற ஆள் நான். அன்று பந்தி முடிந்து பந்தலைப் பிரிக்க ஆரம்பித்த பிறகும் அந்த இடத்தைவிட்டு நகர எனக்கு மனசு வரவில்லை.