ஒன்றுமே தொடாத ஆத்மநாதன்

மனிதரில் ‘ஒன்றும் தொடாதவர்’ என்றோர் இனம் உண்டு. எங்கே ஓர் இயந்திரம் நின்றுபோய்க் கிடக்கிறதோ அதற்குப் பக்கத்தில், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, சாவு வீட்டுக்கு வந்த தூரத்து உறவினர் முகத்தோடு நின்றுகொண்டிருப்பார். நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் சொல்லிவிடுவார்: “நாங்க ஒண்ணுமே பண்ணலைங்க. நல்லாத்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு போயிருச்சு.” அரிமளத்து மாவு மில்லிலும் இவரைப் பார்க்கலாம். அறந்தாங்கியில் பெட்டி கட்டி விமானம் ஏறி, ஷார்ஜாவில் குளுகுளு அறையில் கழுத்துப்பட்டி கட்டி உட்கார்ந்திருக்கும் கோலத்திலும் பார்க்கலாம். நாடு மாறும், சம்பளம் மாறும், வசனம் மட்டும் மாறாது. கீபோர்டில் டீயைக் கொட்டியவர் “அது ஈரமாயிருச்சு” என்பார். ஈரம் எங்கிருந்து வந்தது? அதை எப்படி அவரிடம் கேட்பீர்கள்? அவர்தான் ஒன்றும் பண்ணவில்லையே!

ஆலங்குடியில் முந்திரிக் கம்பெனி வைத்திருக்கும் ஆத்மநாதன் இந்த இனத்தின் கலப்பற்ற வித்து.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலை. கம்பெனி வாசலில், முந்திரிப் பருப்பை மூட்டை மூட்டையாக ஏற்றிக்கொண்டு ஒரு லாரி நிற்கிறது. இருட்டுவதற்குள் அது தூத்துக்குடித் துறைமுகத்துக்குள் நுழைந்துவிட வேண்டும். இல்லையென்றால் கப்பல் இவருக்காகக் காத்திருக்காது. ஆத்மநாதனின் முதல் வெளிநாட்டு ஆர்டர் அது. பிடித்துக் கொடுத்தவர் ஷார்ஜாவில் இருக்கும் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். சரக்கு போய்ச் சேரவில்லையென்றால் ஆத்மநாதன் இனி மாமனார் வீட்டுப் பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு அப்பளம் கேட்க முடியுமா?

லாரி கிளம்ப, சரக்கை ரோட்டில் கொண்டுபோவதற்கான ஈ-வே பில் வேண்டும். பில் போடுவதற்கான கணக்கெல்லாம் சர்வருக்குள் இருக்கிறது. சர்வரோ, போட்டால் எழுகிறது, கொஞ்ச நேரம் மூச்சு வாங்குகிறது, பொத்தென்று படுத்துவிடுகிறது.

புதுக்கோட்டையில் இருக்கும் சர்வீஸ் கம்பெனிக்குப் போன் போனது. எடுத்தவர் இளமதி. சர்வர், பிரிண்டர், சாப்ட்வேர் எல்லாவற்றுக்கும் ஆலங்குடிப் பக்கத்து வாடிக்கையாளர்கள் கூப்பிடுவது அவரைத்தான். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார், ஏதாவது மாற்றினீர்களா, வயரைப் பிடுங்கினீர்களா, இடம் நகர்த்தினீர்களா என்று. ஆத்மநாதன் காதில் அது காவல் நிலைய விசாரணை போல விழுந்தது. நேற்று ஆபீசே லீவு, யாரும் சேரில்கூட உட்காரவில்லை, ராத்திரி முழுக்கக் கம்பெனி பூட்டியிருந்தது, பூட்டின சாவி என் இடுப்பில் இருந்தது என்று வரிசையாகச் சாட்சியம் சொன்னார். கணக்குப்பிள்ளை செல்லமுத்துவையும் போனில் கூப்பிட்டு நிறுத்தினார். செல்லமுத்து தன் மூன்று பிள்ளைகள் மேலும் சத்தியம் செய்தார். நான்காவதாக மொதலாளியின் பிள்ளை மேலும் செய்யப் போனவரை ஆத்மநாதன் தடுத்துவிட்டார்.

“உள்ள ஏதோ கடகடன்னு சத்தம் வருதே சார்?” என்றார் இளமதி.

“அது எப்பவும் வர்ற சத்தம்தாம்மா.”

இனி பேசிப் பயனில்லை என்று இளமதி ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். அவர் வந்து சேர்வதற்குள் ஆத்மநாதன் குற்றவாளிகளைத் தேட ஆரம்பித்தார். கரண்ட் ஆபீஸ்காரர்கள், பக்கத்துத் தோப்பில் நட்ட செல்போன் டவர், போன மாதம் வந்து மேசையைத் தட்டிப் பேசிவிட்டுப் போன வியாபாரி, ‘புது கம்ப்யூட்டரா?’ என்று எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்ட பங்காளி. ஊரில் பாதிப் பேர் மாட்டினார்கள். கம்பெனிக்குள் இருந்தவர்கள் மட்டும் மாட்டவில்லை.

இளமதி வந்தார். சர்வர் அறைக் கதவைத் திறந்தார். திறந்தபடியே நின்றார்.

சர்வர் மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்தது. காற்றை இழுப்பதற்காக முகம் முழுக்கச் சல்லடை போல் ஓட்டை விட்டிருக்கிறார்களே, அந்த ஓட்டைகளைப் பார்த்த செல்லமுத்துவுக்கு, பொட்டு வைப்பதற்கென்றே கம்பெனிக்காரன் இடம் விட்டிருப்பதாகத் தோன்றியிருக்கிறது. ஒன்று விடாமல் ஒவ்வொரு ஓட்டையிலும் சந்தனத்தை அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். சூடான காற்று வெளியே போக வேண்டிய முதுகுப்புறத்தை, வணிகர் சங்கத்தில் ஆத்மநாதனுக்குப் போட்ட பொன்னாடை இறுக்கிக் கட்டியிருந்தது. மேலே வாழைக்கன்று.

“சார், ஒண்ணும் பண்ணலைன்னீங்களே?”

“ஒண்ணும் பண்ணலையேம்மா.”

“அப்ப இது?”

“இது பூசைம்மா.”

ஆத்மநாதன் பொய் சொல்லவில்லை, நம்புங்கள். அவர் அகராதியில் தொடுவது என்றால் ஸ்க்ரூ டிரைவரால் தொடுவது. பூசை செய்வது மரியாதை. மரியாதை செய்ததற்கு ஒரு மிஷின் மூச்சுத் திணறிச் சாகும் என்று யாராவது கனவு காண்பார்களா?

இளமதி குனிந்து சர்வரில் காதை வைத்துக் கேட்டார். “சீடி போடுற தட்டுல என்ன வெச்சீங்க?”

செல்லமுத்து இந்த இடத்தில் கொஞ்சம் பெருமையோடு முன்னால் வந்தார். பூசைக்காகக் கம்ப்யூட்டரை அணைப்பதற்கு முன்னால் பட்டனை அமுக்கியதும் தட்டு தானாக வெளியே வந்ததாம். தட்டை நீட்டினால் வெறுமனே விடலாமா? வெற்றிலை பாக்கு வைத்திருக்கிறார். இன்று காலை கரண்ட் போட்டதும் தட்டு அதுவாக உள்ளே போய்விட்டது. “நைவேத்தியத்தை ஏத்துக்கிச்சும்மா. நான் என் கண்ணால பார்த்தேன்.”

சந்தனத்தைச் சுரண்டிவிட்டு, துணியை எடுத்துவிட்டால் போதும், சூடு அடங்கி ஓடும் என்றார் இளமதி. ஆத்மநாதன் முகம் மாறியது. வைத்த பொட்டை அழிப்பதா? அதுவும் விஜயதசமி அன்றைக்கா? அதைவிட முக்கியமாக, அழித்ததும் அது ஓடிவிட்டால் வைத்தது தப்பென்று ஆகிவிடாதா? இந்தக் கடைசிக் காரணத்தை அவர் வெளியே சொல்லவில்லை.

“சரிங்க சார். பொட்டு இருக்கட்டும்” என்றார் இளமதி. “லாரியும் இருக்கட்டும்.”

வாசலில் டிரைவர் பெலிக்ஸ், பொழுது ஏற ஏற, ஆரன் அடிக்க ஆரம்பித்திருந்தான்.

ஆத்மநாதன் நடுவழி ஒன்று கண்டுபிடித்தார். வெளியிலிருந்து காற்று கொடுத்தால் என்ன? முந்திரித் தோலை ஊதித் தள்ளுகிற ராட்சத மின்விசிறியை நாலு பேர் தூக்கி வந்து சர்வருக்கு எதிரே வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதுதான் தாமதம், ஆறு மாதத்துத் தோல் ஆபீஸ் முழுக்கப் பறந்தது. காலண்டர் பறந்தது. வாழைக்கன்று சாய்ந்தது. சர்வர் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக உயிரோடு இருந்து, பில்லில் வாங்குபவர் பெயர் அடித்து முடிப்பதற்குள் மறுபடி படுத்தது. தலையெல்லாம் தோலாக ஆத்மநாதன் நின்றபோது போன் அடித்தது. ஷார்ஜா.

“மாப்ள, லோடு கெளம்பிருச்சா?”

“இந்தா, கேட்டைத் தாண்டுது மச்சான்.”

“ஆரன் சத்தம் கேக்குதே, அதானா?”

“அதேதான் மச்சான்.”

போனை வைத்தார். லாரியைப் பார்த்தார். சர்வரைப் பார்த்தார். “இளமதிம்மா, செல்லமுத்து, ரெண்டு பேரும் கொஞ்சம் அங்கிட்டுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க” என்றார். கதவு உள்ளே தாழிட்டுக்கொண்டது.

உள்ளே நடந்தது என்ன? ஆத்மநாதனைக் கேட்டால் அவருக்கே தெரியாது.

கதவு திறந்தபோது சர்வரின் முகம் துலக்கின பாத்திரம் போல் பளிச்சென்று இருந்தது. ஒவ்வொரு ஓட்டையும் திறந்திருந்தது. மூலையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஒரு கத்தை ஈர்க்குச்சி குறைந்திருந்தது. பொன்னாடை ஆத்மநாதன் தோளில் கிடந்தது.

“தானா உதிர்ந்திருச்சும்மா” என்றார்.

“அந்தத் துணி?”

“இது எப்பவும் என் தோள்ல கெடக்கிறதுதான்.”

இளமதி அவருடைய பத்து விரல் நகங்களையும் பார்த்தார். பத்திலும் மஞ்சளாகச் சந்தனம். ஆத்மநாதன் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

இளமதி சர்வரைப் போட்டார். அது எழுந்தது, நின்றது, நின்றுகொண்டே இருந்தது. பில் வந்தது. பட்டனை அமுக்க, தட்டு வெளியே நீண்டது. நசுங்கிய வெற்றிலையும் இரண்டாக உடைந்த பாக்கும் அப்படியே இருந்தன. செல்லமுத்து பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பாதியை வாயில் போட்டு, மீதியைப் பெலிக்ஸுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். பெலிக்ஸ் அதை மென்றபடியே லாரியை எடுத்தான். லோடு இந்த முறை உண்மையாகவே கிளம்பிவிட்டதென்று சொல்ல ஆத்மநாதன் ஷார்ஜாவுக்குப் போன் போட்டார்.

“நடுவுல கம்ப்யூட்டர் கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு மச்சான். நல்லவேளை, நாங்க யாரும் கைய வைக்கல. அதான் பொழச்சுச்சு.”

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே உங்கள் வீட்டு அடுக்களையிலிருந்து ஒரு குரல் வரக்கூடும்: “இந்த மிக்சி ஏன் ஓட மாட்டேங்குது?” வந்தால் உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். உங்கள் கைகள் எங்கே இருக்கின்றன என்று முதலில் பாருங்கள். முதுகுக்குப் பின்னாலா?