போக்ஜா பார்த்த வகுப்பு

குன்சான் நகரத்து டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் மான்சிக், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பணக்காரராகிவிடுவது என்று முடிவு செய்தார். வழி சுலபம். பங்குச் சந்தை ஒரு அடி விழுந்தால் இரண்டு அடி ஏறுகிற தலைகீழ் நிதி ஒன்று இருக்கிறதாம். சந்தை விழப்போவது உறுதி என்று முடிவெட்டும் கடையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். கையில் பணமும் இருந்தது. பதினோரு வருடமாக மனைவிக்குத் தெரியாமல் சேர்த்த பணம்.

செல்போன் செயலி ஒரே வரியில் மறுத்தது. முதலில் ஒரு மணி நேர வகுப்பைப் பார்த்து, சான்றிதழ் எண் வாங்கி வரவும்.

"இது என்ன அநியாயம்? சும்மா கொஞ்சம் சிகரெட் காசைப் போட்டுப் பாக்கறதுக்கு வகுப்பா? வீடு வாங்கினேன், வகுப்பு இல்ல. கல்யாணம் பண்ணினேன், வகுப்பு இல்ல."

"அதுக்கு ஒண்ணு வச்சிருந்தா நான் முதல் பெஞ்சுல உக்காந்திருப்பேன்," என்றாள் மனைவி போக்ஜா. அவள் தரையில் செய்தித்தாள் விரித்து, இரண்டு கிலோ நெத்திலிக் கருவாட்டுக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள்.

"என் காசு, என் தலை. அரசாங்கத்துக்கு என்ன வந்துச்சு?"

"வகுப்பு எடுக்காம யார் கையிலயாவது ஸ்டியரிங்கைக் குடுப்பீங்களா நீங்க?"

"அது வேற. அங்க ஊரார் மேல இடிப்பான்."

"இங்க என் மேல இடிப்பீங்க. பக்கத்து சீட்டுல நான்தானே இருக்கேன்."

மான்சிக் வகுப்பைப் போட்டார். நான்காவது நிமிடம் குறட்டை வந்துவிட்டது. நாள் முழுக்கப் பாடம் நடத்துகிறவருக்குப் பாடம் கேட்க உடம்பு வணங்கவில்லை. தூங்கினால் வகுப்பும் நின்றுவிடும், பாகத்துக்குப் பாகம் பொத்தானை அழுத்த வேண்டும்.

"நீ பாரு. நான் நெத்திலி கிள்ளறேன்," என்று பேரம் பேசினார். போக்ஜா கையைக் கழுவிக்கொண்டு, தன் போனோடு சோபாவில் சாய்ந்தாள். அவளை ஏமாற்றிவிட்ட சந்தோஷத்தில் மான்சிக் தரையில் உட்கார்ந்தார்.

"சேரின் அப்பா," என்று மகள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். "சந்தை நூறுலேருந்து பத்து சதவீதம் விழுந்து, மறுநாள் பத்து சதவீதம் ஏறினா எவ்வளவு?"

"நூறு."

"தொண்ணூத்தொன்பது. உங்க தலைகீழ் நிதியில?"

"நூத்தியொண்ணு."

"தொண்ணூத்தாறு. சந்தை ஏறி இறங்கிக்கிட்டே இருந்தா இது தேஞ்சுக்கிட்டே போகுமாம்."

"வாத்தியார்னா பயமுறுத்தத்தான் செய்வார். நான் செய்யறதில்லையா?"

ஒரு மணி நேரம் கழித்து எண் வந்தது. போக்ஜாவின் பெயரில் வந்தது.

"என் போன்ல பாத்தா என் பேர்லதானே வரும்? பரவாயில்ல, என் கணக்குலயே வாங்கிடலாம். ஆனா கணக்குல ஒரு கோடி வொன், அதாவது உங்க மூணு நாலு மாசச் சம்பளம், இருந்தாத்தான் விடுவாங்களாம். அதுக்கு நாம எங்க போறது?"

மான்சிக் அங்கே வாயை மூடியிருக்க வேண்டும். சம்பளம் முழுவதும் போக்ஜா கைக்குப் போய், அதிலிருந்து கைச்செலவுக்கு மட்டும் வாங்கிக்கொள்கிற மனிதர் அவர். ஆனால் ஆசை யாரை விட்டது? "இருக்கு," என்றார்.

போக்ஜா ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அனுப்புங்க," என்றாள். இப்படி ஒரு மனைவி யாருக்கு வாய்க்கும் என்று பூரித்துப்போய் அனுப்பினார்.

மூன்று வாரமாகச் சந்தை விழவே இல்லை. தினமும் ஏறியது. தலைகீழ் நிதியில் போட்டதில் பாதிதான் மிச்சம் என்று முடிவெட்டுகிறவர் கத்தியும் கையுமாக அழுதார். மான்சிக்குக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் கரண்டியைக் கீழே வைத்தார்.

"போக்ஜா, நம்ம பணம் எவ்வளவு மிச்சம்?"

"முழுசும்."

"எப்படி?"

"வாங்கினாத்தானே போறதுக்கு? அந்த வகுப்பைக் கேட்டவ எவளாவது வாங்குவாளா?"

மான்சிக்குக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவிக்கு நன்றி, முகம் தெரியாத அந்த வாத்தியாருக்கு நன்றி, தான் திட்டித் தீர்த்த அரசாங்கத்துக்கும் நன்றி. "உசிரைக் காப்பாத்தின போ. சட்டம் போட்டவன் நல்லா இருக்கட்டும்," என்று மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அவள் சோற்றின் மேல் வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"அப்ப அந்தப் பணம்?"

"சேரின் கல்யாணத்துக்கு வங்கியில போட்டுட்டேன்."

நியாயம்தான். தலையாட்டினார். மகளுக்குத்தானே என்று மனசு நிறைந்துகூட இருந்தது.

"இன்னொண்ணு," என்றாள் போக்ஜா, மீன் முள்ளை நிதானமாக எடுத்துக்கொண்டே. "கைச்செலவுலயே ஒரு கோடி மிச்சம் பிடிச்சிருக்கீங்கன்னா, இத்தனை வருஷமா நான்தான் அதிகமாக் குடுத்திருக்கேன். வர்ற மாசத்துலேருந்து பாதி."