உத்திராபதி லினக்ஸை விட்ட கதை

லேப்டாப்புக்குப் போர்டு தெரியவில்லை.

சிதம்பரத்தில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் உத்திராபதிக்கு இது மானப் பிரச்சினை. அவன் மனைவி பவானியின் அண்ணன் ராஜமாணிக்கம் கிள்ளையில் இறால் குட்டை வைத்திருக்கிறார். கரண்ட் போனால் குட்டைக்குக் காற்றடிக்கும் சக்கரம் நின்றுவிடும். யாராவது எழுந்து ஜெனரேட்டரைப் போடாவிட்டால் விடிவதற்குள் இறால் மிதக்கும். கரண்ட் போனதும் அவர் செல்லுக்கு மணியடிக்கும் போர்டு ஒன்றைச் செய்துதருவதாக உத்திராபதி சொல்லியிருந்தான். ஆயுத பூஜை முடிந்து, கடலில் புயல் சின்னமும் உருவாகிவிட்டது. போர்டுக்குள் புரோகிராமை ஏற்றுவது மட்டும்தான் பாக்கி.

லேப்டாப்பிலிருந்து வரும் வயரைப் போர்டில் சொருகினான். முழுதாக உள்ளே போகாமல் முட்டியது. புதுச் சாமான் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டான். போர்டில் விளக்கும் எரிந்தது. லேப்டாப் மட்டும், அப்படி யாரும் வரவில்லையே என்றது.

போர்டு கம்பெனிக்குப் போன் செய்தான். லேப்டாப்பில் ஓடுவது விண்டோஸா என்று கேட்டார்கள். லினக்ஸ் என்றான். அந்தப் பெண் இழவு வீட்டில் பேசுவதுபோலக் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அதுக்கு நாங்க ஒண்ணும் பண்ண முடியாது சார்" என்றாள்.

இணையத்தில் ஜெர்மனிக்காரர் ஒருவர் ஒரு கட்டளை கொடுத்தார். அடித்ததும் வைஃபை செத்தது. அதை எழுப்ப பிரேசில்காரர் வேறொன்று கொடுத்தார். திரையும் கறுத்தது. எல்லாவற்றையும் அழித்து லினக்ஸை மறுபடி ஏற்றினான். எழுதிவைத்திருந்த புரோகிராமும் சேர்ந்து அழிந்தது. மறுபடி எழுதினான்.

"விண்டோஸ போட்டுத் தொலைங்களேன் மாப்ள. வானம் கறுக்குது" என்றார் ராஜமாணிக்கம்.

"லினக்ஸ் மேல பழி போடாதிங்க மச்சான்."

ரேடியோ ரிப்பேருக்கு வருகிறவர்களிடம்கூட லினக்ஸ் பெருமை பேசியவன் அவன். கடைசியில் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு விண்டோஸை ஏற்றினான். கட்சி மாறியவன் மாதிரி, தெருவில் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்கு வந்தான். விண்டோஸும் போர்டைத் தெரியாது என்றுவிட்டது.

புயல் வந்தது. கண்விழித்துக் காவல் காத்த ராஜமாணிக்கம், கரண்ட் போகிற நேரம் பார்த்துக் கண்ணயர்ந்தார். மறுநாள் குட்டை முழுக்க இறால் மிதந்தது. துக்கம் கேட்க வந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பையோடு வந்திருந்தார்கள்.

உத்திராபதி போர்டைக் குப்பையில் எறியப் போனான். பவானி பதறிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"பூஜை போட்ட சாமான எறியாதிங்க. போன வருஷம் பொட்டு வச்சதுக்குத் திட்டினிங்கன்னுதான், இந்த வருஷம் சந்தனத்த வெளிய தெரியாம அந்த வயரு சொருகுற ஓட்டைக்குள்ள வச்சன். அண்ணன் பொழப்பாச்சேன்னு கொஞ்சம் ஜாஸ்தியாவே வச்சன்."