தொண்ணூற்றேழு சதவீதம்

"போறேன்" என்று சொல்லிவிட்டு வினோதினி கிளம்பிவிட்டாள். "போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை.

சுதர்சன் வாயில் பல் துலக்கும் நுரையோடு வாசலுக்கு ஓடினார். அதற்குள் ஆட்டோ தெருமுனை திரும்பிவிட்டது.

பெரம்பலூரில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் நடத்துகிறவர் அவர். புதிதாக ஒன்று தெரியவரும்போதெல்லாம் பழைய கணிப்பைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் அவர் நடத்தும் பாடம். கல்யாணமாகி நாலு மாதம். நோட்டை எடுத்து இரண்டு காரணங்கள் எழுதினார்: அவசரம் எழுபது சதவீதம், பிரிவு முப்பது. மூன்றாவதாக ஒன்றுக்கு மனுஷர் இடமே விடவில்லை.

அவள் போன் சுவிட்ச் ஆஃப். பிரிவு ஐம்பது.

பீரோவைத் திறந்தார். அவளுடைய ஆதார், சர்டிஃபிகேட் எதையும் காணோம். எண்பது. கல்யாண ஆல்பத்தையும் காணோம். தொண்ணூறு என்று எழுதினார்.

தாங்க முடியாமல் பூலாம்பாடிக்கு, மாமியார் வேணிக்குப் போன் போட்டார்.

"அத்தை, வினோதினி அங்க வந்தாளா?"

"இங்க வரலீங்களே மாப்ள! ஏங்க, சண்டையா?"

"தெரியலைங்க அத்தை. தொண்ணூத்தேழு சதவீதம் இருக்கும்."

ஒரு மணி நேரத்தில் மாமனார் இராமலிங்கம் இரண்டு பங்காளிகளோடு வேனில் வந்து இறங்கினார்.

"எம் பொண்ண என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணல மாமா. நீங்களே பாருங்க" என்று நோட்டை நீட்டினார் சுதர்சன்.

இராமலிங்கம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். "பிரிவு... காலையிலயே எழுதி வச்சிட்டீங்களா?"

"அது என் விருப்பம் இல்ல மாமா, வாய்ப்பு!"

"வேற எடத்துல வாய்ப்பு வந்திருக்கா?" என்று வேட்டியை மடித்துக் கட்டினார் ஒரு பங்காளி.

"பேச்சு எதுக்கு? சீர் சாமான வேன்ல ஏத்துங்கடா" என்றார் இராமலிங்கம்.

கட்டில் வெளியே போனது. பீரோ பாதி வாசலில் நின்றது. சுதர்சன் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். "எல்லாத்தையும் எடுத்துக்கங்க மாமா. அவள மட்டும் எங்கேருந்தாவது கூட்டியாந்துடுங்க."

அப்போது தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"வக்கீலா இருக்கும்" என்றார் சுதர்சன். இராமலிங்கம் பிடுங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

"சார், ரிஜிஸ்டர் ஆபீஸ்லேருந்து பேசறேன்" என்றது ஒரு பெண்குரல். "கல்யாணத்தப் பதியணும்னு உங்க வூட்டம்மா காலையிலேருந்து உக்காந்திருக்காங்க, அவங்க போன்ல சார்ஜ் இல்லையாம், நேத்து அவங்க சொன்னதுக்கு நீங்க 'ம்'னீங்களாமே, வரீங்களா இல்லையா?"