கிழங்குக்கடை செண்பகவல்லியை ஆயிரம் பேர் பின்தொடர்ந்த கதை

ஒரு காட்டில், ஓடை வளைந்து திரும்புகிற இடத்தில், செண்பகவல்லி என்ற முள்ளம்பன்றி கிழங்கு அவித்து விற்றுக்கொண்டிருந்தாள். மரவள்ளி, சிறுகிழங்கு, சேனை என்று தோண்டும்போது எது கிடைக்கிறதோ அது. தொட்டுக்கொள்ள காந்தாரி மிளகாய்ச் சட்னி. கடைக்குப் பெயர்ப்பலகை கிடையாது. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறதோ, அந்தப் பக்கத்து மிருகங்கள் வாசனை பிடித்துக்கொண்டு வந்துவிடும்.

ஒரு கோடையில் காற்றே அடிக்கவில்லை. மூன்று நாள் ஒரு ஈ காக்கைகூட வரவில்லை. அவித்த கிழங்கையெல்லாம் செண்பகவல்லியே தின்று, வாயுத் தொல்லையில் படுத்துக் கிடந்தாள். அப்போதுதான் பிச்சுமணி வந்தான். பிச்சுமணி ஒரு கீரி. நாலு பிள்ளைக்குத் தகப்பன். வேலை எதுவும் கிடையாது, அதனால் எல்லோருக்கும் யோசனை சொல்லிக்கொண்டு திரிந்தான்.

"அக்கா, நீங்க ஊளையில இருக்கீங்களா?"

"நான் எதுக்குப்பா ஊளையிடணும்? அதுக்குத்தான் நரிங்க இருக்கே."

"அந்த ஊளை இல்லக்கா. இது போன்ல இருக்கிற ஊளை. காடே அதுலதான் கிடக்கு. நீங்க ஒரு படம் போடணும். பிடிச்சவங்க வாலாட்டுவாங்க. ரொம்பப் பிடிச்சவங்க உங்களைப் பின்தொடருவாங்க."

செண்பகவல்லியின் முட்கள் அத்தனையும் எழுந்து நின்றன. காட்டில் ஒருவர் பின்னால் இன்னொருவர் வருகிறார் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"எத்தனை பேரு?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஆரம்பத்துல இருபது பேரு. போகப்போக ஆயிரம் பேர்கூட வருவாங்க."

"ஒருத்தன் பின்னால வந்தாலே நான் வளைக்குள்ள பாய்ஞ்சிடுவேன்."

"வியாபாரம் வேணுமா, வேண்டாமா?"

வேண்டும். பிச்சுமணி தன்னிடம் சும்மா கிடந்த ஒரு பழைய போனைக் கொண்டுவந்து கொடுத்தான். ஆவி பறக்கும் மரவள்ளிக் கிழங்கைப் படம் பிடித்து, கீழே "சூடா இருக்கு" என்று எழுதிப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் நாற்பது வாலாட்டல். மறுநாள் காட்டெருமை ஒருவர் மூன்று மைல் நடந்து வந்து ஒரு சட்டிக் கிழங்கைத் தின்றுவிட்டு, "படத்துல பார்த்ததைவிட நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். பாறை உச்சியில் வாழும் வரையாடுகள் முதல்நாளே எத்தனை பேர் வருவோம் என்று எழுதிப்போட ஆரம்பித்தன. எவ்வளவு அவிப்பது என்று செண்பகவல்லிக்கு முன்கூட்டியே தெரிந்தது. கிழங்கு வீணாகவில்லை.

அதைவிடப் பெரிய காரியம் ஒன்று நடந்தது. நாலு வருடத்துக்கு முன்பு காட்டுத்தீயில் அவளும் அவள் தங்கை கோமதியும் ஆளுக்கொரு பக்கமாக ஓடினார்கள். அக்கா செத்துப்போனாள் என்று தங்கையும், தங்கை செத்துப்போனாள் என்று அக்காவும் நினைத்திருந்தார்கள். ஒருநாள் சட்டியின் படத்துக்குக் கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: "இது எங்கம்மா சட்டி மாதிரி இருக்கே. பின்பக்கம் விளிம்புல உடைஞ்சிருக்கா?"

செண்பகவல்லி சட்டியைத் திருப்பிப் பார்த்தாள். உடைந்திருந்தது. அன்று கடைக்கு விடுமுறை. அக்காவும் தங்கையும் போன் சூடாகிக் கையைச் சுடும்வரை அழுதார்கள். அதற்குப் பிறகு ஊளையைப் பற்றி யார் குறை சொன்னாலும் செண்பகவல்லி சண்டைக்குப் போனாள்.

அப்புறம் கிழங்கோடு நிற்கவில்லை. காலையில் ஓடையில் குளித்தால் ஒரு வீடியோ. புதிதாகத் தோண்டிய வளையின் வாசலில் நின்று ஒரு படம். "கடை முடிஞ்சு தினமும் இந்த மூங்கில் பாதையிலதான் வீட்டுக்குப் போவேன், எவ்வளவு அமைதி பாருங்க" என்று ஒன்று. "இன்னிக்கு முழங்கால் வலி, ஓட முடியாது போலிருக்கு" என்று ஒன்று. எதைப் போட்டாலும் முதல் ஆளாக ஒரு வால் ஆடியது. நீளமான, புள்ளி போட்ட வால்.

அந்த வாலுக்குச் சொந்தக்காரர் ராஜரத்தினம். சிறுத்தை. ஊளையில் அவருக்குப் பெயர் பச்சிலை ரத்தினம். அவரை முப்பதாயிரம் பேர் பின்தொடர்ந்தார்கள், அதில் பாதிக்கு மேல் மான்கள். தினமும் காலையில் துளசிச்சாறு குடித்தபடி, "உயிரைத் தின்னாதே, இலையைத் தின்" என்று அவர் பேசும் வீடியோவைப் பார்த்துவிட்டுத்தான் மான்கள் மேயவே போகும். வீடியோ முடிந்ததும் அவர் என்ன தின்கிறார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்கப் போனவர்கள் திரும்பி வந்ததில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது வேலப்பன் என்ற உடும்பு ஒரு படம் போட்டான். நாக்கை நீட்டியிருந்தான். நாக்கில் முள் குத்தியிருந்தது. "முள்ளம்பன்றி கடைக் கிழங்கில் முள். ஜாக்கிரதை" என்று எழுதியிருந்தான்.

அது மீன்முள். ஓடைக்கரையில் வேலப்பன் கெண்டை மீன் தின்றதைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பார்க்காதவர்கள் ஒன்பதாயிரம் பேர் அதைப் பகிர்ந்தார்கள். செண்பகவல்லி கடையில் ஒருநாளும் சாப்பிடாதவர்களுக்குத்தான் கோபம் அதிகமாக இருந்தது. கடலோரத்தில் இருக்கும் ஓர் ஆமை, "இனி அந்தப் பக்கமே போக மாட்டேன்" என்று சபதம் செய்தது.

கடை காலியானது. செண்பகவல்லி தன் முள் ஒன்றையும் மீன்முள் ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பொறுமையாக எழுதிப் போட்டாள். மூன்று வாலாட்டல் வந்தது. ஒன்று தங்கை கோமதி. ஒன்று பிச்சுமணி. மூன்றாவது அவளே கை தவறி அழுத்தியது.

"உண்மையெல்லாம் இப்ப ஓடாதுக்கா. லைவ்ல வந்து அழுங்க, போதும்" என்றான் பிச்சுமணி.

செண்பகவல்லி போன் முன்னால் உட்கார்ந்தாள். முகத்தைச் சுருக்கினாள், மூக்கை உறிஞ்சினாள். அழுகை வரவில்லை. அந்த நேரம் பார்த்து வேலப்பன் கீழே ஒரு சிரிப்புப் பொம்மை போட்டான். அவ்வளவுதான்.

"அடேய் வேலப்பா! ரெண்டா பிளந்த நாக்கை வச்சுக்கிட்டு ஒரு ருசிகூடத் தெரியலையேடா உனக்கு! மீனுக்கும் கிழங்குக்கும் வித்தியாசம் தெரியாத நாக்கு இருந்தா என்ன, அறுந்தா என்ன?" என்று ஆரம்பித்தவள் கால் மணி நேரம் மூச்சு விடவில்லை. வேலப்பனின் வாலில் தொடங்கி அவன் முட்டையாக இருந்த காலம்வரை போய் வந்தாள். முடிக்கும்போது சட்டியை வேறு ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

மறுநாள் காலையில் கடை வாசலிலிருந்து மூங்கில் புதர்வரைக்கும் வரிசை நின்றது. செண்பகவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது. வேகமாகக் கிழங்கை எடுத்து வைத்தாள்.

"கிழங்கு அப்புறம் பார்த்துக்கலாம்கா," என்றது வரிசையில் முதலில் நின்ற காட்டுப்பன்றி, போனைத் தூக்கிப் பிடித்தபடி. "முதல்ல என்னைத் திட்டுங்க. குடும்பத்தோட வந்திருக்கோம். எல்லாரையும் சேர்த்துத் திட்டிட்டா வேலை முடிஞ்சுது."

மூன்றாவதாக நின்றவன் வேலப்பனே. "நேத்து முட்டைக் காலத்தோட நிறுத்திட்டீங்க," என்று கூச்சத்தோடு சொன்னான்.

திட்டு வாங்கக் காத்திருந்தவர்களுக்குப் பசித்ததால் கிழங்கும் விற்றது. நாளடைவில் செண்பகவல்லிக்குத் தொண்டை கட்டியது. மூன்றாவது வாரம், ஒருநாள் மத்தியானமே கடையைச் சாத்திவிட்டு, மூங்கில் பாதை வழியாக வீட்டுக்குப் போனாள்.

வளை வாசலில் ராஜரத்தினம் உட்கார்ந்திருந்தார்.

"செண்பகவல்லிதானே? ரொம்ப நாளா உன்னைப் பின்தொடர்றேன்."

"தெரியும்யா. முதல் வால் உங்களோடதுதான்."

"அதே பாதை, அதே வாசல். நீ போட்ட படத்துல இருந்த மாதிரியே எல்லாம் இருக்கு. ரொம்ப ஒழுங்கான பொம்பளை நீ." நாக்கால் மீசையைத் துடைத்துக்கொண்டார்.

"ஐயா... நீங்க சைவம்னு..."

"அது காலையில. இது மத்தியானம்."

"முள்ளு குத்தும்யா."

"வயித்துப் பக்கம் முள் இல்ல. குளிக்கிற வீடியோவுல பார்த்தேன்."

செண்பகவல்லி சுற்றிலும் பார்த்தாள். ஓட முடியாது, முழங்கால் வலி அவருக்கும் தெரியும். வளைக்குள் புக முடியாது. வாசலில் அவர் இருக்கிறார். கத்தினால் கேட்க ஆள் இல்லை. கையில் போன் மட்டும் இருந்தது. ராஜரத்தினம் எழுந்து, சோம்பல் முறித்து, வாயைத் திறந்தார். உள்ளே பற்கள் வரிசையாக, பளபளப்பாக, துளசியின் பச்சை கொஞ்சமும் இல்லாமல் இருந்தன.

செண்பகவல்லி போனைத் தூக்கிப் பிடித்து அழுத்தினாள்.

"வணக்கம் மக்களே! நம்ம கிழங்கு சாப்பிட இன்னிக்கு யாரு வந்திருக்காங்க பாருங்க!"

திறந்த வாய் பாதியில் நின்றது. கண்மூடித் திறப்பதற்குள் அது புன்னகையாக மாறியது. முன்னங்கால் இரண்டும் கும்பிட்டன.

"வணக்கம், அன்பு உயிர்களே," என்றார் பச்சிலை ரத்தினம்.

நானூறு பேர் பார்த்தார்கள். பிறகு இரண்டாயிரம் பேர். செண்பகவல்லி போனை இறக்கவே இல்லை. இறக்காமலே அவரைக் கடைக்கு நடத்திக்கொண்டு போய், மிச்சமிருந்த கிழங்கை இலையில் வைத்து, சட்னியைத் தாராளமாக ஊற்றினாள். ராஜரத்தினம் பிறந்ததிலிருந்து கிழங்கு தின்றதில்லை. முதல் வாய் தொண்டையில் நின்றது. இரண்டாம் வாயில் காந்தாரி மிளகாய் வேலையைக் காட்ட, கண்ணிலிருந்து நீர் தாரையாகக் கொட்டியது.

"எவ்வளவு கருணை!" என்று மான்கள் எழுதின. "ஒரு கிழங்குக்காக அழுகிற மனசு யாருக்கு வரும்!"

அன்று ஒரே நாளில் அவரைப் பின்தொடர்பவர்கள் பத்தாயிரம் பேர் கூடினார்கள். அதனால் மறுநாளும் கடைக்கு வந்தார். அதற்கு மறுநாளும். காடு அவர்களை அண்ணன் தங்கை என்று கொண்டாடியது. சிறுத்தையும் முள்ளம்பன்றியும் ஒரே இலையில் சாப்பிடும் படத்தை மான்கள் வீட்டுக்கு வீடு மாட்டி வைத்தன. அவள் வயிற்றையே அவர் பார்த்துக்கொண்டிருந்ததை எல்லோரும் பாசம் என்றார்கள்.

"என்னைக்காவது இந்தப் போனை அணைப்பே இல்ல?" என்று ஒருநாள் உதடு அசையாமல் கேட்டார்.

"சார்ஜ் நிறைய இருக்குய்யா," என்றாள் செண்பகவல்லி, அவளும் உதடு அசையாமல்.

ஐப்பசியில் மழை பிடித்தது. முதுகு சொறிய இடம் தேடிய ஒரு யானை மலைமேல் இருந்த டவரில் சாய, டவர் ஓடையில் விழுந்தது. காடு முழுக்க நெட் போய்விட்டது. கடை திறந்திருக்கிறதா என்று பார்க்க வழியில்லாததால் பத்து அடி தள்ளி மேய்ந்துகொண்டிருந்த மான்கூடக் கடைக்கு வரவில்லை. பிச்சுமணி சிக்னல் தேடிப் பலா மரத்தின் உச்சிக்கு ஏறியவன் இறங்கவே இல்லை.

ராஜரத்தினம் மட்டும் வந்தார். காலியான வரிசையைப் பார்த்தார். சுற்றிலும் பார்த்தார். செண்பகவல்லியைப் பார்த்தார்.

"நெட் போயிடுச்சுன்னு பேசிக்கிறாங்களே," என்றபடி ஓரடி முன்னால் வைத்தார்.

செண்பகவல்லி ஓரடி பின்னால் வைத்தாள். போனை எடுத்தாள். திரையைத் தன் பக்கம் வைத்து, அவர் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

"உங்க லைன்ல போயிருக்கும்யா. இது வேற லைன்."

"ஓடுதா?"

"ஓடுது."

"எத்தனை பேரு பார்க்கிறாங்க?"

திரை கறுப்பாக இருந்தது. அதில் வெளிறிப்போன ஒரு முள்ளம்பன்றியின் முகம் மட்டும் தெரிந்தது.

"பன்னெண்டாயிரம்," என்றாள்.

ராஜரத்தினம் உட்கார்ந்தார். மீசையை நீவிக்கொண்டார். "இடது பக்கமா எடு. அதுலதான் முகம் எடுப்பா இருக்கும்."

அவள் இடது பக்கம் நகர்ந்தாள். இரண்டு இலைக் கிழங்கு தின்றார். அகிம்சையைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். "உங்களை ஒருதடவை தொட்டுப் பார்க்கலாமான்னு ஒரு மான் கேக்குதுய்யா" என்று செண்பகவல்லி இட்டுக்கட்டிச் சொன்னபோது அவருக்குக் குரல் தழுதழுத்துவிட்டது. அவர் போனபிறகு அவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள். தூக்கிப் பிடித்த கை கீழே இறங்க வெகுநேரம் ஆனது.

மூன்று நாள் டவர் இல்லை. மூன்று நாளும் பன்னிரண்டாயிரம் பேர் பார்த்தார்கள். நான்காம் நாள் நெட் வந்தது, வரிசையும் வந்தது. ராஜரத்தினம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

"அந்த மூணு நாள் வீடியோ எங்கயும் காணோமே?"

"ஊளைக்காரங்க எடுத்துட்டாங்கய்யா," என்றாள் செண்பகவல்லி, இலையைப் போட்டபடி. "ரொம்ப உண்மையா இருந்துச்சாம்."

அவர் பெருமூச்சு விட்டு, கிழங்கை எடுத்துச் சட்னியில் தோய்த்தார்.

நீதி: நேர்மையாக இரு, முடியாவிட்டால் நேரலையில் இரு, அதற்கும் வழியில்லை என்றால் போனையாவது தூக்கிப் பிடி.